டொயோட்டா லைன் ஏன் அடிக்கடி நிற்கிறது?

ஜப்பானில் நகோயாவுக்குக் கிழக்கே இருக்கும் டொயோட்டா நகரத்தின் பழைய பெயர் கொரோமோ. பட்டுத் தொழில் நலிந்துபோன அந்த ஊருக்கு 1938-இல் கார் ஆலை வந்தது. 1959-இல் ஊர் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நிறுவனத்தின் தலைமையகத்தை ஒட்டியுள்ள டொயோட்டா கைகான் காட்சியகத்தில் முன்பதிவு செய்துகொண்டால், அங்கிருந்து பேருந்தில் ஏற்றி மோட்டோமாச்சி, தகாஒகா, சுட்சுமி என்று சுற்றுவட்டார ஆலைகளில் ஒன்றுக்கு அழைத்துப் போவார்கள். கட்டணம் கிடையாது. உள்ளே படம் எடுக்க அனுமதியும் கிடையாது. கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே உருவாகும் லைனுக்கு மேலே கட்டிய நடைபாதையில் நின்று, வெல்டிங்கையும் பாகங்களைப் பூட்டும் அசெம்பிளியையும் பார்க்கலாம்.

பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களை வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள்: தரையின் சுத்தம், ரோபோக்களின் வேகம், பாகங்களை வரவழைக்கப் பெட்டிகளில் செருகியிருக்கும் அட்டைகள். இவற்றில் எதுவும் டொயோட்டாவின் ரகசியம் இல்லை. ரோபோவைப் பணம் கொடுத்து யாரும் வாங்கலாம். அட்டையை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். நடைபாதையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் கூர்ந்து பார்க்க வேண்டியது, லைனில் வேலை செய்பவர் ஒருவர் கையை உயர்த்திக் கயிற்றை இழுக்கும் தருணம். அதன் பிறகு வரும் ஒரு நிமிடத்தில் யார், எங்கிருந்து, எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறார் என்று பாருங்கள். லீன் உற்பத்தி என்று 1988-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர் ஜான் கிராஃப்சிக் பெயர் வைத்த டொயோட்டா முறை முழுவதும் அந்த ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கையிருப்பைக் குறைப்பது, அட்டை போடுவது, பல வகைக் கார்களைக் கலந்து ஓட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

கயிற்றை இழுத்தால் என்ன நடக்கும்

அசெம்பிளி லைனில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டேஷன். எல்லையைத் தரையில் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். கார் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வரும் லைனில் ஸ்டேஷன் நீளம் 6 மீட்டர் என்றால், கார் விநாடிக்கு 10 செ.மீ. நகர்கிறது என்று கணக்கு. எல்லைக் கோடுகளுக்கு நடுவிலும் குறிகள் உண்டு. கார் இந்தக் குறியைத் தாண்டும்போது இந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது ஊழியருக்கும் தெரியும், தூரத்தில் நிற்கும் டீம் லீடருக்கும் தெரியும். தாமதமாகிறதா என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

போல்ட் இழையில் சிக்குகிறது, கிளிப் உடைந்திருக்கிறது, ஒயரிங் கனெக்டர் சரியாகப் பூட்டவில்லை. எதுவானாலும் ஊழியர் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுக்கிறார். பல லைன்களில் இப்போது கயிற்றுக்குப் பதிலாக பட்டன் வந்துவிட்டது. உயரத்தில் தொங்கும் ஆண்டன் என்ற விளக்குப் பலகையில் அந்த ஸ்டேஷனின் எண் மஞ்சளாக எரிகிறது, ஒரு மெட்டு ஒலிக்கிறது. டீம் லீடர் வந்துவிடுகிறார்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கயிற்றை இழுத்த உடனே லைன் நிற்பதில்லை. அந்த ஸ்டேஷனின் எல்லைக் கோடு வரை கார் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்குள் டீம் லீடர் சிக்கலைத் தீர்த்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுப்பார். விளக்கு அணையும், லைன் நின்றதே இல்லை. தீராவிட்டால் கோட்டைத் தொட்டதும் லைன் நிற்கும், விளக்கு சிவப்பாகும். எல்லைக் கோட்டில் நிறுத்துவதற்குத் திடமான காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் மற்ற எல்லா ஸ்டேஷன்களிலும் ஒரு சுற்று வேலை முடிந்திருக்கும். நடுவில் நிறுத்தினால் யாரோ ஒருவர் நான்கு போல்ட்டில் இரண்டை மட்டும் முறுக்கிய நிலையில் இருப்பார். லைன் மறுபடி ஓடத் தொடங்கும்போது மற்ற இரண்டும் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஒரு குறையைப் பிடிக்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிவிடக் கூடாதே.

முழு லைனும் ஒரே சங்கிலியாக ஓடுவதும் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுகளுக்கு நடுவே சில கார்கள் நிற்க மட்டும் இடம் விட்டிருப்பார்கள். க்யூஷூ தீவில் 1992-இல் தொடங்கிய மியாடா ஆலையில் அசெம்பிளி லைனை 11 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டு இரண்டு நிமிடம் நின்றால் அடுத்த துண்டுக்கு அது தெரியாது. பத்து நிமிடம் நின்றால் எல்லோருக்கும் தெரியும். நடுவில் விட்ட இடம் அந்த அளவுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இருபது, முப்பது கார் நிற்க இடம் விட்டால் எந்த நிறுத்தமும் யாரையும் தொடாது. எந்தச் சிக்கலையும் யாரும் தீர்க்க மாட்டார்கள்.

ஒரு ஷிஃப்டில் கயிறு பல நூறு முறை இழுக்கப்படலாம். பெரும்பாலானவை விநாடிகளில் முடிந்துவிடும். நாள் முழுக்க ஒரு முறைகூட மஞ்சள் எரியவில்லை என்றால் அனுபவமுள்ள மேலாளர் மகிழ்ச்சி அடைய மாட்டார். ஒன்று, குறைகளை மறைத்து அனுப்புகிறார்கள். இல்லை, தேவைக்கு மேல் ஆட்களையும் பொருளையும் லைனில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். சீட் பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட் பாடியில் வெல்டு செய்த நட்டில் ஏற மறுக்கிறது. டீம் லீடர் வந்து, நட்டின் இழையைச் சுத்தம் செய்து, புது போல்ட்டைக் கையால் நான்கு சுற்று ஏற்றிப் பார்த்து, பிறகு டார்க் ரெஞ்சில் முறுக்குகிறார். அந்தக் கார் போய்விட்டது. பெரும்பாலான ஆலைகளில் கதை இதோடு முடியும். இங்கே இனிமேல்தான் தொடங்குகிறது. இழையில் சிக்கியிருந்தது உருகித் தெறித்த இரும்புத் துணுக்கு. அது வந்தது வெல்டிங் ஷாப்பிலிருந்து. அங்கே ஸ்பாட் வெல்டிங் மின்முனையின் நுனி தேய்ந்து, தகடு சரியாக அழுந்தாமல், உருகிய இரும்பு தெறித்திருக்கிறது. நுனியைச் சீவும் இடைவெளி நீளமாக இருந்ததால் தேய்ந்தது. ஆக, அசெம்பிளியில் எரிந்த மஞ்சள் விளக்குக்கான தீர்வு வெல்டிங் ஷாப்பில், நுனி சீவும் எண்ணிக்கையில் இருக்கிறது. மின்முனையை இன்னும் சில நூறு புள்ளிகளுக்கு முன்பே சீவும்படி மாற்றினால் அந்த விளக்கு அடுத்த வாரம் எரியாது. ‘ஏன்’ என்று ஐந்து முறை கேள் என்று டொயோட்டாவில் சொல்வது இதைத்தான்.

தறியில் தொடங்கியது

ஆலையைப் பார்ப்பதற்கு முன்பு நகோயாவில் உள்ள டொயோட்டா தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவது நல்லது. பழைய நெசவாலைக் கட்டடத்திலேயே 1994-இல் திறந்தார்கள். கார் நிறுவனத்துக்கு முன்பே தறித் தொழில் நடத்திய சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியை அங்கே ஓட்டிக் காட்டுவார்கள். நெசவு தெரிந்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அது உடனே புரியும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகிறது. நூல் இழுத்த நிலையில் இருக்கும்வரை தகடு மேலேயே நிற்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழுந்து பல்சட்டத்தில் சிக்கும்; தறி தானாக நின்றுவிடும். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீரும்போது ஓட்டத்தை நிறுத்தாமலே நாடா மாறும்.

இதனால் நடந்தது என்ன? முன்பு நூல் அறுகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்க ஒரு தறிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இப்போது ஒருவரே முப்பது தறிகளுக்கு மேல் கவனிக்கலாம். நின்ற தறியிடம் மட்டும் போனால் போதும். அறுந்த நூலோடு ஓடி வீணாகும் துணியும் இல்லை. இந்தத் தறியின் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ அந்தக் காலத்தில்தான் கார் ஆராய்ச்சியில் இறங்கினார். டொயோட்டா மோட்டார் நிறுவனம் 1937-இல் பிறந்தது.

கோளாறு வந்தால் இயந்திரம் தானே நிற்க வேண்டும், நின்றதை மனிதன் வந்து பார்க்க வேண்டும் என்ற இந்தக் கருத்தைத்தான் டொயோட்டாவில் ஜிடோகா என்கிறார்கள். லைனில் தொங்கும் கயிறு அதே கருத்தை மனிதனின் கையில் கொடுத்தது. நெசவாலையில் 1932-இல் வேலைக்குச் சேர்ந்து 1943-இல் கார் நிறுவனத்துக்கு மாறிய தைச்சி ஓனோதான் இரண்டையும் இணைத்தவர். எஞ்சின் பாகங்களைக் கடையும் மெஷின் ஷாப்பில் ஒருவர் ஒரு மெஷினோடு நிற்பதை மாற்றி, பல மெஷின்களைப் பார்க்க வைத்தார். ஊழியர்களிடம் எதிர்ப்பு இருந்தது, அது இயல்பு.

காலமும் அவரை நெருக்கியது. போருக்குப் பின் நிறுவனத்திடம் பணம் இல்லை. 1950-இல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கீச்சிரோவின் பதவி விலகல் எல்லாம் சில மாதங்களுக்குள் நடந்தன. அதே ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போன, கீச்சிரோவின் உறவினர் எய்ஜி டொயோடா கண்டது நாளுக்கு ஏறத்தாழ 8,000 வண்டிகள். டொயோட்டா அப்போது நாளுக்கு 40 அளவில் செய்துகொண்டிருந்தது. ஒரே மாதிரி லட்சக்கணக்கில் செய்து செலவைக் குறைக்கும் வழி டொயோட்டாவுக்கு அடைத்திருந்தது. சிறு எண்ணிக்கையில் பல வகைகளை, கையிருப்பு வைக்கப் பணம் இல்லாமல் செய்தாக வேண்டும். பிற்பாடு உலகம் பாடமாகப் படித்த எல்லாமே இந்த நெருக்கடியில் தொடங்கியவை.

அச்சு மாற்ற மூன்று நிமிடம்

பார்வையாளர்கள் அதிகம் காணாத இடம், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப். ஆனால் கையிருப்பு ஏன் குறைந்தது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரே பிரஸ்ஸில் இன்று கதவு, நாளை பானெட் என்று அடிக்க வேண்டுமானால் டன் கணக்கில் எடையுள்ள டையை, அதாவது வடிவம் கொடுக்கும் அச்சைக் கழற்றி வேறு டையைப் பூட்ட வேண்டும். 1960-களின் இறுதியில் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் இதற்கு 4 மணி நேரம் பிடித்தது. ஆலோசகராக வந்த பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோவின் வழிகாட்டுதலில் முதலில் 90 நிமிடத்துக்கு வந்தது, பிறகு 3 நிமிடத்துக்கு.

மந்திரம் எதுவும் இல்லை. பிரஸ் நின்றால்தான் செய்ய முடிந்த வேலைகளையும், ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலைகளையும் முதலில் பிரித்தார்கள். அடுத்த டையை எடுத்து வருவது, துடைப்பது, போல்ட்டுகளைத் தேடி வைப்பது எல்லாம் இரண்டாவது வகை. பிரஸ் நிற்பதற்கு முன்பே அவை முடிந்துவிட வேண்டும். அடுத்து, டைகளின் உயரத்தை ஒரே அளவாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் பிரஸ் இறங்கும் தூரத்தைச் சரிசெய்யும் வேலை ஒழிந்தது. நீளமான போல்ட்டை இருபது சுற்று சுற்றுவதற்குப் பதிலாக, ஒரே அசைவில் பிடிக்கும் கிளாம்ப் வந்தது. வைத்த இடத்தில் டை சரியாக உட்கார வழிகாட்டும் முளைகள் வந்தன. அடித்துப் பார்த்து, அளந்து, மறுபடி நகர்த்தும் வேலைதான் உண்மையில் அதிக நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இதன் பொருளாதாரம் எளிய கணக்கு. டை மாற்றும் நேரம் மொத்த நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 4 மணி நேரம் செலவழித்து மாற்றிய டையை 36 மணி நேரம் ஓட்ட வேண்டும். அத்தனை கதவுகளையும் எங்காவது அடுக்கி வைக்க வேண்டும். அவற்றில் ஒரு வளைவு தவறாக இருந்தால் அடுக்கு முழுவதும் பழுது. மூன்று நிமிடத்தில் மாற்ற முடிந்தால் 27 நிமிடம் ஓட்டினால் போதும். பழுது தெரியவரும்போது கையில் இருப்பது அரை மணி நேரச் சரக்குதான். கையிருப்பைக் குறைக்க ஆணையிட்டு யாரும் குறைக்கவில்லை. குறைப்பதற்கு முன்னால் டை மாற்றும் நேரம் குறைந்தது.

அட்டைக் கணக்கு

பெட்டிகளில் செருகியிருக்கும் கன்பன் அட்டையில் இருப்பவை சில வரிகள்தான்: பாகத்தின் எண், பெட்டிக்கு எத்தனை, பாகத்தைச் செய்து தரும் வெண்டர் யார், லைனில் எந்த ரேக், லாரிச் சுற்று. பெட்டியிலிருந்து முதல் பாகத்தை எடுக்கும்போதே ஊழியர் அட்டையைக் கழற்றிவிட வேண்டும். பெட்டி காலியான பிறகு கழற்றினால் தாமதம். கழற்றிய அட்டைகளைக் குறித்த நேரத்தில் சேகரித்து வெண்டருக்கு அனுப்புவார்கள். இப்போது பெரும்பாலும் கணினி வழியே போகிறது. அட்டை வராமல் பொருள் வரக் கூடாது, அட்டையில் உள்ள எண்ணிக்கைக்கு ஒன்று கூடவும் கூடாது.

அட்டையில் 1-6-2 என்று போட்டிருந்தால், 1 நாளில் 6 முறை லாரி வரும், இப்போது கொடுத்த அட்டைக்கான பொருள் 2 லாரி தள்ளி வரும் என்று பொருள். அப்படியானால் ஓர் அட்டை ஒரு சுற்று சுற்றி வர எடுக்கும் காலம் 3 லாரி இடைவெளி, அதாவது அரை நாள். நாளுக்கு 920 பாகம் தேவை, பெட்டிக்கு 20 என்றால், அரை நாளுக்கு 460. பாதுகாப்புக்கு 10 சதவீதம் சேர்த்து 506. 20-ஆல் வகுத்தால் 25.3. ஆக 26 அட்டைகள். இந்தப் பாகத்துக்கு லைனிலும் வழியிலும் வெண்டரிடமும் சேர்த்து 26 பெட்டிக்கு மேல் இருக்கவே முடியாது.

இனி டீம் லீடர் ஓர் அட்டையை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொள்கிறார். 25-இல் ஓடுகிறதா என்று பார்க்கிறார். ஓடினால் இன்னொன்று. ஏதோ ஓர் எண்ணிக்கையில் ரேக் காலியாகி மஞ்சள் விளக்கு எரியும். லாரி தாமதமா, வெண்டரிடம் மெஷின் பழுதா, பெட்டியில் குறைபாடுள்ள பாகங்களா என்று அப்போது தெரிந்துவிடும். அட்டையைக் குறைப்பது செலவை மிச்சம் பிடிக்க மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். மறைந்திருக்கும் கோளாறு ஒன்றை மேலே வரவழைப்பதுதான் முதல் நோக்கம்.

அட்டை முறை எங்கே உடையும் என்பதும் தெளிவு. நாளுக்கு நாள் தேவை பாதிக்குப் பாதி ஏறி இறங்கினால் 26 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. அட்டை தொலைந்தால் லைனுக்குப் பெட்டி வராது. பயந்துபோய் யாரோ கூடுதல் அட்டை அடித்தால், தொலைந்தது திரும்பக் கிடைக்கும்போது கையிருப்பு ஏறியிருக்கும். குறையுள்ள பாகங்களை அனுப்பும் வெண்டரோடு அட்டை முறை ஒரு வாரம்கூட ஓடாது. இதெல்லாம் தெரியாமல் அட்டையை மட்டும் இறக்குமதி செய்த ஆலைகளில், வெண்டர் ஆலைக்கு அருகிலேயே கிடங்கு வாடகைக்கு எடுத்து, பத்து நாள் சரக்கை அடுக்கி வைத்து, அதிலிருந்து மணிக்கொரு முறை அனுப்புவார். கையிருப்பு போய்விடவில்லை, செலவு மட்டும் பலம் குறைந்தவர் தலையில் ஏறியிருக்கிறது.

ஏன் கார்கள் கலந்து வருகின்றன

நடைபாதையிலிருந்து பார்த்தால் லைனில் ஒரே மாதிரி இரண்டு கார்கள் அடுத்தடுத்து வருவது அரிது. வெள்ளை செடான், பின்னால் சிவப்பு ஹேட்ச்பேக், அதன் பின்னால் வேறொன்று. காலையில் செடானை எல்லாம் முடித்துவிட்டு மாலையில் மற்றவற்றைச் செய்வது எளிதாயிற்றே என்று தோன்றும். அப்படிச் செய்தால் மற்ற காரின் பாகங்களைச் செய்யும் வெண்டர் காலை முழுவதும் சும்மா இருந்து, மாலையில் இரட்டிப்பு வேகத்தில் ஓட வேண்டும். அவர் அதற்கு ஏற்ற ஆட்களும் மெஷினும் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சரக்கைக் குவித்து வைக்க வேண்டும்.

லைனில் நிற்பவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு ஸ்டேஷனுக்குக் கிடைக்கும் நேரம் 60 விநாடி என்போம். சன்ரூஃப் உள்ள காருக்கு 75 விநாடி பிடிக்கிறது, மற்றதற்கு 52. இரண்டு சன்ரூஃப் கார்கள் அடுத்தடுத்து வந்தால் அவர் 30 விநாடி பின்தங்கி அடுத்த ஸ்டேஷனுக்குள் போய்விடுவார். ஒரு சன்ரூஃபுக்குப் பின் இரண்டு சாதாரணக் கார்கள் வந்தால் 75, 52, 52 சேர்த்து 179 விநாடி. கிடைக்கும் நேரம் 180. வரிசையை அமைப்பவர் ஒவ்வொரு நாளும் தீர்க்கும் கணக்கு இதுதான், நூறு ஸ்டேஷனுக்கும் சேர்த்து.

அந்த 60 விநாடி எங்கிருந்து வந்தது? ஷிஃப்டில் வேலை நேரம் 460 நிமிடம், தேவை 460 கார் என்றால் காருக்கு 60 விநாடி. தேவை 400-ஆகக் குறைந்தால் 69 விநாடி. லைனில் கைவேலை மொத்தம் 6,000 விநாடி என்றால் முன்பு 100 பேர், இப்போது 87 பேர். அத்தனை ஸ்டேஷனின் வேலைத் தாள்களையும் திருத்தி எழுத வேண்டும். எழுதுபவர் அலுவலகத்தில் இருக்கும் பொறியாளர் இல்லை. அந்த வேலையைச் செய்துகாட்டத் தெரிந்த டீம் லீடரும் குரூப் லீடரும். அந்தத் தாளை ஊழியரின் பக்கம் திருப்பி வைக்காமல், நடைவழியை நோக்கித் தொங்கவிடுவார்கள். ஊழியருக்கு வேலை மனப்பாடம். நடந்து போகும் மேலாளர்தான் தாளுக்கும் செய்கைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பெயின்ட் முடிந்ததும் கதவுகளைக் கழற்றித் தனி லைனில் அனுப்புவார்கள். உள்ளே ஏறி இறங்க வசதி, கதவில் கீறலும் விழாது. காரோடு கூடவே நகரும் பெட்டியில் அந்தக் காருக்கு வேண்டிய பாகங்கள் மட்டும் அடுக்கியிருக்கும். ரேக்கில் தேடி எடுக்கும் தவறு குறைகிறது. சரிந்த உருளைகளில் நிறைந்த பெட்டி தானாக முன்னால் வந்து, காலிப் பெட்டி கீழ்த்தட்டில் திரும்பிப் போகும் ரேக்குகளுக்கு மின்சாரமே தேவையில்லை. குனிந்து காருக்குள் நுழைய வேண்டிய இடங்களில், ஊழியரை உட்கார்ந்தபடியே உள்ளே கொண்டுபோகும் இருக்கை உண்டு.

கையிருப்பு இல்லாத நாட்கள்

1997 பிப்ரவரி 1-ஆம் தேதி டொயோட்டா நகருக்கு அருகே காரியாவில் இருந்த, கார் பாகங்கள் செய்யும் ஐசின் செய்க்கி நிறுவனத்தின் ஆலை தீப்பற்றியது. டொயோட்டா கார்களின் பின்சக்கர பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் சின்ன வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கே மட்டுமே செய்யப்பட்டது. சில நாட்களில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றன. ஒரே இடத்தில் வாங்கியதற்கும் கையிருப்பு வைக்காததற்கும் கிடைத்த விலை அது. மீண்ட விதமும் அதே முறையிலிருந்து வந்தது. சுமார் 200 நிறுவனங்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்களிடம் இருந்த மெஷின்களில் வால்வைக் கடையத் தொடங்கின; தையல் மெஷினுக்குப் பெயர்போன பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் லைன்கள் மறுபடி ஓடின. ஒருவரையொருவர் பல ஆண்டுகளாக அறிந்த வெண்டர்கள், ஒரு மணி நேர லாரி ஓட்டத்துக்குள் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வெற்றியைப் படிக்கக் கூடாது.

2011 மார்ச் நிலநடுக்கத்தில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலை சேதமடைந்தபோது அந்த வழி பலிக்கவில்லை. சிப்பை வேறு யாரும் அவசரத்துக்குக் கடைந்து கொடுக்க முடியாது. அதன் பிறகு டொயோட்டா தன் கொள்கையை மாற்றியது: செய்து தர நெடுங்காலம் பிடிக்கும் சிப்களை 2 முதல் 6 மாதத் தேவைக்கு வெண்டர்கள் இருப்பு வைக்க வேண்டும். 2021-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற கார் நிறுவனங்களைவிட டொயோட்டா சில மாதங்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. இதைக் கொள்கையிலிருந்து பின்வாங்கியதாகச் சிலர் எழுதினார்கள். எங்கள் பார்வையில் அது கொள்கையின் சரியான பயன்பாடு. திரும்பிவர எவ்வளவு காலம் பிடிக்குமோ அதற்கு ஏற்ப இருப்பு வைப்பதுதான் அட்டைக் கணக்கும். அங்கே அரை நாள், இங்கே ஆறு மாதம்.

கணினி வந்த பிறகு புதிய பலவீனமும் வந்தது. 2022 மார்ச் 1 அன்று கோஜிமா என்ற பிளாஸ்டிக் பாக வெண்டரின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு ஆளானதால் ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் ஒரு நாள் நின்றன. 2023 ஆகஸ்ட் 29 அன்று மறுபடி 14 ஆலைகளும் நின்றன. இந்த முறை வெளியார் யாரும் காரணம் இல்லை: பாகங்களுக்கு ஆர்டர் போடும் சர்வர்களில், பராமரிப்பு வேலையின்போது வட்டில் இடம் தீர்ந்துபோனது; மாற்று சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை.

ஆள் கணக்கு

கயிறு, அட்டை, தாள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வந்து வைத்தும் பல ஆலைகளில் எதுவும் மாறவில்லை. காரணம் ஆள் கணக்கில் இருக்கிறது. டொயோட்டாவில் நான்கைந்து ஊழியர்களுக்கு ஒரு டீம் லீடர். அவருக்கு லைனில் நிரந்தர ஸ்டேஷன் கிடையாது. கயிறு இழுபட்டால் ஓடி வருவதும், யாராவது வராதபோது அந்த இடத்தில் நிற்பதும், மீதி நேரத்தில் வேலை முறையைத் திருத்துவதும் அவர் பொறுப்பு. செலவுக் கணக்குப் பார்ப்பவருக்கு இவர் கூடுதல் ஆள். முதல் நெருக்கடியிலேயே அவரை ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். அன்றிலிருந்து கயிற்றை இழுத்தால் யாரும் வருவதில்லை. கொஞ்ச நாளில் யாரும் இழுப்பதும் இல்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, டொயோட்டாவும் அதுவும் சேர்ந்து 1984-இல் நும்மி என்ற பெயரில் திறந்தன. வேலைக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் அதே தொழிற்சங்க ஊழியர்கள். 1986-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, ஒரு காரை அசெம்பிள் செய்ய ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரமும், தகாஒகாவுக்கு 16 மணி நேரமும், நும்மிக்கு 19 மணி நேரமும் தேவைப்பட்டன. ஆட்கள் மாறவில்லை, கயிற்றை இழுத்தவரை யாரும் திட்டவில்லை என்பது மாறியது. நம் பக்கத்தில், சென்னைப் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனம் ஆனது. இந்த முறை ஜப்பானியருக்கு மட்டுமே வரும் என்ற பேச்சுக்கு இடமில்லை.

முறையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60 விநாடியில் 57 விநாடி கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்கும் வேலை உடலை வருத்தும். ஷிஃப்ட் முடிந்த பிறகு நடக்கும் தரக்குழுக் கூட்டங்களும் ஆலோசனை எழுதுவதும் நெடுங்காலம் ஊழியரின் ‘சொந்த விருப்பம்’ என்றே கருதப்பட்டன. டொயோட்டா ஊழியர் ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் நகோயா மாவட்ட நீதிமன்றம் 2007-இல் அந்த நேரமும் வேலை நேரமே என்று ஏற்றது. தரக்குழு நேரத்துக்கு ஊதியம் தரும் முறையை நிறுவனம் அதன் பிறகு மாற்றிக்கொண்டது.

சுற்றிப் பார்க்கப் போகிறவர் வழிகாட்டியிடம் ரோபோ எத்தனை என்று கேட்பதைவிட வேறு சிலவற்றைக் கேட்கலாம். நேற்று இந்த லைனில் கயிறு எத்தனை முறை இழுபட்டது, அதில் எத்தனை முறை லைன் நின்றது? அதிகமாக எரிந்த ஸ்டேஷன் எது, அதற்கு யார் என்ன செய்கிறார்கள்? ஒரு டீம் லீடருக்குக் கீழே எத்தனை பேர்? லைன் முடியும் இடத்தில் சரிபார்ப்புக்காக ஒதுக்கி நிறுத்திய கார்கள் எத்தனை என்பதை மட்டும் கேட்க வேண்டியதில்லை. நடைபாதையிலிருந்து அந்த இடம் தெரிந்தால் எண்ணிவிடலாம்.